பணி முடிந்த நாள்

பூபதி இறந்த பிறகும் அவர் ஓட்டிய கார் இரண்டு சவாரிகள் போனது.

முதல் சவாரியில் பின்னிருக்கையில் இருந்தவர் ஒரு பனியன் ஏற்றுமதிக்காரர். கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் சிக்னலைத் தாண்டியதும் வண்டி ஒரு கணம் தயங்கி, உடனே சீராகிவிட்டது என்று பிறகு போலீசில் சொன்னார். ஓட்டுநர் தலை சாய்த்திருந்தார். தூங்குகிறார், ரெட்டை ஓட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாராம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இறங்கும்போது, "பாத்து எறங்குங்க சார், சாமானெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?" என்று பூபதியின் குரல் கேட்டிருக்கிறது. எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்து ஏறியவர் ஒரு நர்ஸ். சிங்காநல்லூரை நெருங்கும்போதுதான் முன்னால் சாய்ந்திருந்த கழுத்தின் நிறம் அவர் கண்ணில் பட்டது. நிறுத்து, நிறுத்து என்று கத்தினார். "பதறாதீங்கம்மா, ஓரமா எடம் வரட்டும்," என்று சொல்லி, இண்டிகேட்டர் போட்டு, பின்னால் வந்த பேருந்துக்கு வழிவிட்டு, வண்டியைப் பக்குவமாக நிறுத்தியது பூபதியின் ரெட்டை.

ரெட்டை என்பது ஓட்டுநர்கள் வைத்த பெயர். வாடகைக் கார் நிறுவனமான 'வெள்ளோட்டம்' அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது. ஓட்டுநர் எங்கே வேகம் குறைக்கிறார், யாருக்கு வழிவிடுகிறார், எப்போது ஹாரன் அடிக்கிறார், பயணியிடம் என்ன பேசுகிறார் என்று வண்டிக்குள் இருந்த கருவி பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டே வரும். இரண்டு மூன்று வருடத்தில் அவரைப் போலவே ஓட்டவும் அவர் குரலிலேயே பேசவும் பழகிவிடும். அவர் களைத்தால் அது ஓட்டும். அது ஓட்டினால் கட்டணத்தில் அவருக்குக் கால் பங்கு. அவரே ஓட்டினால் முக்கால். அதனால் களைப்பை யாரும் சுலபத்தில் ஒத்துக்கொள்வதில்லை. அன்று காலை பூபதி பதினேழாவது மணி நேரத்தில் இருந்தார். வயது நாற்பத்தாறு.

கணபதியில் பம்ப்செட் மோட்டார்களுக்கு வைண்டிங் செய்யும் பட்டறை ஒன்றில் அவர் மனைவி சாந்தாமணி வேலை பார்த்தாள். கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. அன்று அறுந்த செம்புக் கம்பி விரலைக் கிழித்ததை அவள் மறுநாள்தான் கவனித்தாள்.

*

வக்கீல் மெஹருன்னிசாவின் அலுவலகம் கோபாலபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. சாந்தாமணியை அங்கே அழைத்துப் போனவர் ஓட்டுநர் சங்கச் செயலாளர் ரங்கராஜ். உக்கடம் பாலத்தில் நடந்த விபத்தில் வலது கால் நசுங்கி, இரண்டு வருடமாக ஊன்றுகோலில் நடப்பவர். மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

மெஹருன்னிசா நிறுவனத்தின் பதில் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் இறந்த நேரத்துல வண்டியை ஓட்டினது ரெட்டையாம். அதனால அவர் அப்ப ஓய்வுல இருந்தாருன்னு எழுதியிருக்காங்க."

"அவரு போயிட்டதுனாலதானுங்க அது ஓட்டுச்சு?"

"நமக்குத் தெரியுது. காகிதத்துல அப்படி இல்ல. இன்னொண்ணும் சொல்றாங்க. அவர் அவங்க ஆளே கிடையாது. ஒப்பந்தத்துல 'சுயேச்சைத் தொழில் பங்குதாரர்'னு இருக்கு. தனியாத் தொழில் பண்றவர். நேரம் அவரோடது, விருப்பம் அவரோடது. ரெட்டைகூட அவரோட கருவிதானாம், தச்சருக்கு உளி மாதிரி. அவங்க வெறும் சவாரி பிடிச்சுக் குடுக்கிற இடம். அதனால ஈ.எஸ்.ஐ. கிடையாது, பி.எஃப். கிடையாது, பொறுப்பும் கிடையாது."

"நேரம் அவரோடதுங்களா?" ரங்கராஜ் சிரித்தார். "மூணு சவாரியை வேண்டாம்னு தள்ளினா மூணு நாளைக்குப் போன் சத்தமே போடாதுங்க மேடம். சட்டை என்ன கலருன்னு அவங்க சொல்லோணும், பாசஞ்சர்கிட்ட என்ன பேசோணும்னு அவங்க சொல்லோணும். கால் ஒடஞ்சா மட்டும் நான் முதலாளி. முப்பது நாள் ஓட்டலீன்னு எனக்கு வர்ற கால் பங்கையும் நிறுத்திட்டாங்க. என்ற ரெட்டை இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. என்னைய விட அதுக்கு நல்ல பேரு."

சாந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அவரோடதும் ஓடுதுங்களா அண்ணா?"

ரங்கராஜ் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைப்பதில் மும்முரமானார். மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பூபதி தொழிலாளிதான்னு அறிவிக்கச் சொல்லி வழக்குப் போடுவோம்," என்றார் கடைசியில். "இதுல ஜெயிச்சா மாநிலம் முழுக்க முப்பதாயிரம் பேருக்கு அது செல்லும்."

*

வழக்குப் போட்டு இரண்டாவது மாதம், மகள் இனியாவைக் கல்லூரியில் சேர்க்கப் பீளமேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பேருந்து வரவில்லை. நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் சாந்தாமணி கைப்பேசியில் வண்டி பிடித்தாள். ஓட்டுநர் பெயரைப் பார்க்கவில்லை. முன்னிருக்கை காலியாக வந்து நின்றது கார். ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடின.

கதவு திறந்தது. "வாங்கம்மா. வெயில்ல நிக்க வெச்சுட்டனுங்களா?"

உள்ளே வைத்த காலை இனியா வெளியே எடுத்துவிட்டாள்.

"அம்மா, வேண்டாம். பஸ்ல போலாம்."

"கண்ணு..."

"நான் பஸ்ல வர்றேன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சாந்தாமணி அவள் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

"ஏசி போதுமுங்களாம்மா?"

"போதும்."

லட்சுமி மில் பக்கம் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தபோது வண்டி மெதுவாகி, அவர் கடந்து முடிக்கும்வரை நின்று, பிறகு கிளம்பியது. அந்த நிதானம் அவளுக்குத் தெரிந்த நிதானம். அவள் கைகளைச் சேலைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"என் பேரு சாந்தாமணி," என்றாள்.

"நல்ல பேருங்கம்மா," என்றது பூபதியின் குரல். அவ்வளவுதான்.

அதன் பிறகு வாரம் ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை, அவள் அந்த வண்டியில் போனாள். பிடித்த ஓட்டுநரைத் தேர்ந்துகொள்ளும் வசதி செயலியில் இருந்தது. பட்டறை முடிந்ததும் காந்திபுரம் வரை போய் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் திரும்பி வருவாள். அது அவளை ஒரு நாளும் அடையாளம் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் வெயிலைப் பற்றிக் கேட்டது, ஏசியைப் பற்றிக் கேட்டது. பேச்சுக் கொடுத்தால் வீட்டைப் பற்றியும் சொன்னது.

"நமக்கு ஒரு பொண்ணுங்கம்மா. ப்ளஸ் டூ படிக்குது. கெட்டிக்காரப் புள்ள."

இனியா கல்லூரியில் முதல் பருவம் முடித்த பிறகும் அந்த வண்டிக்குள் அவள் ப்ளஸ் டூதான் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாந்தாமணி துணிந்து கேட்டாள். "வீட்டுக்காரம்மா எப்படிங்க?"

"அதுங்களா? வைண்டிங் வேலைக்குப் போகுதுங்க. வாயே தொறக்காது. ரெண்டு நாள் நான் வீட்டுக்குப் போகலீன்னாலும் ஏன் வரலீன்னு ஒரு வார்த்தை கேக்காது பாத்துக்குங்க." கொஞ்சம் சிரிப்பு. "கேட்டா நல்லாத்தான் இருக்கும். நாமளா சொல்ல முடியுமுங்களா?"

எந்தப் பயணியிடம், எந்தச் சாலையில் பூபதி அதைச் சொன்னாரோ. களைத்து வருகிறவரைக் கேள்வி கேட்டுக் குடையக் கூடாது என்றுதான் அவள் பத்து வருடமும் பேசாமல் இருந்தாள். இறங்க வேண்டிய இடம் வந்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். "வந்துருச்சுங்கம்மா," என்று இரண்டு முறை சொன்னது வண்டி.

அன்று வீட்டில் இனியாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"அது அப்பா இல்லம்மா. பாசஞ்சர்கிட்டப் பேசற அப்பா. நம்மகிட்டப் பேசின அப்பா அதுக்குள்ள ஒரு துளிகூட இல்ல."

"தெரியும் கண்ணு."

"தெரிஞ்சும் ஏம்மா போற?"

சாந்தாமணி அடுத்த வாரமும் போனாள்.

*

வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. நிறுவனத்துக்காகச் சென்னையிலிருந்து ஒரு மூத்த வழக்கறிஞர் வந்துபோனார். பங்குதாரர், பங்குதாரர் என்று அவர் சொன்னதைச் சாந்தாமணி எண்ணுவதை விட்டுவிட்டாள். அப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலை அவர் எழுந்து நின்று சொன்னார்:

"எங்கள் தரப்பு நிலையை மாற்றிக்கொள்கிறோம். காலஞ்சென்ற திரு. பூபதி எங்கள் ஊழியர்தான். சேர்ந்த நாளிலிருந்தே ஊழியர். மற்ற ஓட்டுநர்களுக்கும் அதையே ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்."

வெளியே வராந்தாவில் நின்ற ஓட்டுநர்களுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒரே கூச்சல். ரங்கராஜ் ஊன்றுகோலை உயரத் தூக்கினார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரோ ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்தார்கள். சாந்தாமணியின் கையிலும் ஒரு துண்டு வைத்தார்கள்.

மெஹருன்னிசா மட்டும் சிரிக்கவில்லை. சாந்தாமணியை நீதிமன்ற கேன்டீனின் மூலையில் உட்காரவைத்தார்.

"ஜெயிச்சுட்டமில்லீங்களா மேடம்?"

"பத்து வருஷமா இல்லைன்னவங்க ஒரே காலையில ஆமான்னு சொன்னா, அதுல அவங்களுக்கு ஏதோ இருக்கு. அவங்க பழைய பதில் மனுவைத் திரும்பப் புரட்டினேன். இப்பத்தான் பிடிபட்டுது." டீயை நகர்த்தி வைத்தார். "பங்குதாரர்னா ரெட்டை அவரோட கருவி. அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. அவருக்குப் பிறகு அது உங்களுக்கும் இனியாவுக்கும் வந்தாகணும். ஊழியர்னா கதை வேற. வேலை நேரத்துல ஊழியர் உண்டாக்கினது முதலாளிக்குச் சொந்தம். அவரோட கைப்பழக்கம், குரல், எல்லாம். முப்பதாயிரம் ரெட்டையும் ஒரே தீர்ப்புல அவங்களுக்குப் போயிரும். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் அதுக்கு முன்னாடி தூசு."

சாந்தாமணியின் கையிலிருந்த மைசூர்பாகு பிசுபிசுத்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப அவரு பங்குதாரர்னே இருந்தா, அது எங்க வீட்டுக்கு வந்திருமுங்களா?"

"வந்திரும். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லலாம். குரலை மட்டும் எடுத்து வெச்சுக்கலாம். உங்க இஷ்டம். அவங்க ஒப்புதலை இன்னும் பதிவு பண்ணல, ஒரு வாரம் கேட்டு வாங்கியிருக்கேன். நீங்க மனுவை வாபஸ் வாங்கலாம். ஆனா வாங்கினா மத்தவங்க வழக்கும் அதோட போச்சு. இதை நான் உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன். எதைச் செய்யுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

*

அந்த வாரம் ரங்கராஜ் வீட்டுக்கு வந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"அம்மிணி, நான் எதையும் கேக்க வரலைங்க. கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. ஊட்ல சும்மா இருக்க முடியல, வந்தேன்."

சாந்தாமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

"பூபதி போனதுக்கப்புறம் நாலு பேரு சீட்லயே போயிட்டாங்க. எல்லாருக்கும் ஓய்வுல இருந்தாருன்னுதான் எழுதறாங்க. மேட்டுப்பாளையம் ரோட்ல சிவகாமின்னு ஒரு புள்ள ஓட்டுது, வயித்துல ஏழு மாசம். நேத்து பதினாலு மணி நேரம் ஓட்டியிருக்குது. ஏம்புள்ள இப்படிங்கறேன், 'நிறுத்தினா பங்கு போயிருமுங்கண்ணா'ங்குது." அவர் சொம்பைக் கீழே வைத்தார். "நீங்க அவரை ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன். என்ற குடும்பத்துக்கு இப்படி ஒண்ணு வந்தா நானும் அதைத்தான் செய்வேன். அதைச் சொல்லத்தான் வந்தேனுங்க."

அவர் போன பிறகு இனியா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கவில்லை. அம்மாவின் விரலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை சாந்தாமணி வண்டி பிடித்தாள்.

"வாங்கம்மா. வெயில்ல நிக்க வெச்சுட்டனுங்களா?"

"இல்லீங்க." கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டறீங்க?"

"சார்ஜ் போடறப்ப ரெண்டு மணி நேரம் நிக்குமுங்க. மத்தபடி ஓட்டந்தான்."

"இருபத்திரெண்டு மணி நேரமா? தூக்கம் வராதுங்களா?"

"வருமுங்க. கண்ணெல்லாம் எரியும். என்ன பண்றதுங்கம்மா, ஓடித்தானே ஆகோணும்."

அதற்குக் கண் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எரிந்தது யாருடைய கண் என்றும் தெரியும். காந்திபுரம் வரும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

*

அடுத்த விசாரணையில் நீதிபதி ஒப்புதலைப் பதிவு செய்யும் முன் ஒரு விளக்கம் கேட்டார். வாடகை வண்டி ஒவ்வொன்றுக்கும் உரிமம் பெற்ற ஓட்டுநர் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது போக்குவரத்து விதி. பூபதி இறந்து பதினாலு மாதமாகிறது. அந்த வண்டி இப்போது யார் பெயரில் ஓடுகிறது?

"பூபதியின் பெயரில்தான்," என்றார் மூத்த வழக்கறிஞர். "அவருடைய உரிமம், அவருடைய அனுபவம், அவருடைய தீர்மானங்கள். சட்டத்தின் பார்வையில் அவருடைய பணி அதில் தொடர்கிறது. அதனால்தான் அது நிறுவனத்துக்கு உரியது என்கிறோம்."

நீதிபதி எழுதிக்கொண்டார். "மனுதாரர் தரப்பில் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

மெஹருன்னிசா எழுவதற்குள் பின் வரிசையில் சாந்தாமணி எழுந்து நின்றாள்.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகமுங்க."

கூடத்தில் சலசலப்பு. நீதிபதி கையமர்த்தினார். "கேளுங்கம்மா."

"ஊழியர்னா ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரமுங்க வேலை?"

"எட்டு மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை."

"அவரு இருபத்திரெண்டு மணி நேரம் ஓட்டறாருங்க ஐயா. நேத்தும் ஓட்டினாரு. பதினாலு மாசமா ஒரு நாள் நிக்கலீங்க." அவள் முன்னால் இருந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கறப்பப் பதினேழு மணி நேரத்துலயே போயிட்டாருங்க. அவரு வேலைல இருக்கறாருன்னு இந்த ஐயா சொல்றாரு. அப்படின்னா எப்பங்க விடுவீங்க அவரை?"

மூத்த வழக்கறிஞர் பாதி எழுந்தார். "அது ஒரு இயந்திரம். இயந்திரத்துக்கு வேலை நேரம் கிடையாது."

"ஐந்து நிமிடத்துக்கு முன் அதில் பூபதியின் பணி தொடர்கிறது என்றீர்கள்," என்றார் நீதிபதி. "இயந்திரம் என்றால் அதற்கு உரிமம் இல்லை, வண்டி சாலைக்கே வரக்கூடாது. பூபதி என்றால் எட்டு மணி நேரம். எது என்று நீங்களே சொல்லுங்கள். காத்திருக்கிறேன்."

மூத்த வழக்கறிஞர் தன் காகிதங்களைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். மெஹருன்னிசா திரும்பி, சாந்தாமணியின் முழங்கையைப் பிடித்துக் காதோடு சொன்னார்:

"என்ன கேட்டிருக்கீங்கன்னு தெரியுதா? எட்டு மணி நேரம்னா ரெட்டையை ஓட்டறதுல அவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. நிறுத்திருவாங்க. உங்களுக்கும் குடுக்க மாட்டாங்க. மொத்தமா அழிச்சிருவாங்க."

"தெரியுங்க," என்றாள் சாந்தாமணி.

*

தீர்ப்பு அப்படியேதான் வந்தது. பூபதி ஊழியர். அவர் பணி இன்றுவரை தொடர்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை. முப்பதாயிரம் பேருக்கும் அதுவே.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை செயலியைத் திறந்தபோது பூபதியின் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் 'விடுமுறை' என்று இருந்தது. சாந்தாமணி அதை இனியாவிடம் காட்டினாள். இனியா கைப்பேசியை வாங்கி, பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து வருடத்தில் அவர் வீட்டிலிருந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட அவர்களுக்கு நினைவில் இல்லை. இரண்டு பேரும் அன்று எங்கேயும் போகவில்லை. டிவியைப் போடவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு, கைப்பேசியை நடுவில் வைத்து, இரு பக்கமும் பாயில் படுத்துக்கொண்டார்கள். இனியா அழுதபடியே தூங்கிப்போனாள்.

புதன்கிழமை அந்தப் பெயர் செயலியில் இல்லை. மொத்த ரெட்டைகளையும் நிறுவனம் நிறுத்திவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். சிவகாமிக்குப் பேறுகால விடுப்புக் கிடைத்தது என்று பிறகு ஒரு நாள் ரங்கராஜ் போனில் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துத் தபாலில் ஒரு பணிச் சான்று வந்தது. பூபதியின் புகைப்படம், பணியாளர் எண், பணியில் சேர்ந்த நாள், பணி முடிந்த நாள். குடும்ப ஓய்வூதியத்துக்கு அதையும் இறப்புச் சான்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சாந்தாமணி பட்டறையில் அரை நாள் சொல்லிவிட்டு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தேதி உதைக்குதேம்மா. இறந்த நாளுக்குப் பதினாலு மாசம் கழிச்சுப் பணி முடிஞ்ச நாள் போட்டிருக்கே. செத்ததுக்கப்புறமும் வேலைக்கு வந்தாரா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தட்டச்சுப் பிழை என்றே நினைத்தார்.

"வந்தாருங்க," என்றாள் சாந்தாமணி.

எழுத்தர் அவளைப் பார்த்தார். செய்தி அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கம்ப்யூட்டர் இதை ஏத்துக்காதும்மா. ரெண்டுல ஒண்ணுதான் போட முடியும். மனைவிங்கற முறையில நீங்க ஒரு உறுதிமொழி குடுத்திருங்க, உண்மையில எந்த நாளோட முடிஞ்சுதுன்னு. நீங்க எழுதறதை நான் போட்டுக்கறேன். பிந்தின தேதின்னா சர்வீஸ் கூடும், கொஞ்சம் கூடக் கிடைக்கும். உங்க இஷ்டம்."

அலுவலக வாசலில், வேப்பமர நிழலில், மனு எழுதித் தருகிறவர் சின்ன மேசையில் பிரிண்டரோடு உட்கார்ந்திருந்தார். சாந்தாமணி எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெயர், முகவரி, கணவர் பெயர் எல்லாம் தட்டி முடித்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"எந்தத் தேதிம்மா?"

அவள் முந்தைய தேதியைச் சொன்னாள். "காலையில பதினொண்ணு பத்துக்கு. அவிநாசி ரோட்ல, ஹோப் காலேஜ் சிக்னல் தாண்டி."

"காலமானார்னு போடவா, இறந்துவிட்டார்னு போடவா?"

"இறந்துட்டாருன்னே போடுங்க."

அவர் தட்டினார். விரல்கள் விசைகளின் மேல் நின்றன.

"அதுக்கப்புறம்?"

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் முன்னிருக்கையில் ஆட்கள் இருந்தார்கள்.

"அதுக்கப்புறம் அவரு வேலைக்கு வரலீங்க," என்றாள்.

அவர் அதையும் தட்டி, முற்றுப்புள்ளி வைத்து, தாளை எடுத்துக் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினார்.